ஹோவ் கடற்கரையில் கெரி கட்டாமல் போன விளையாட்டு வளாகம்: நீச்சல் குளத்தை ஏன் அடுக்குமாடியோடு முடிச்சுப் போட்டார்கள்?

கடலோரம் (ஹோவ்)

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில், பிரைட்டன் பியரிலிருந்து கடலை ஒட்டியே மேற்கே நடந்தால் ஹோவ் வரும். அங்கே கிங்ஸ்வே சாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பழைய லெஷர் சென்டர் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் "கிங் ஆல்பிரெட்". அந்த இடத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி ஒரு பெரிய உள்ளரங்க விளையாட்டு வளாகமும் கோபுரங்களும் கட்டுவதாக இருந்தது என்று சொன்னால், இங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் இந்த இழை.

முதலில் பழைய கதை. 1930களின் கடைசியில் "ஹோவ் மரீனா" என்ற பெயரில் நீச்சல் குளங்களோடு இந்தக் கட்டடம் எழும்பியது. 1939இல் வேலை முடிகிற நேரத்தில் போர் வந்துவிட்டது. கடற்படை அதை எடுத்துக்கொண்டு எச்.எம்.எஸ். கிங் ஆல்பிரெட் என்று பெயர் சூட்டி, தன்னார்வ அதிகாரிகளுக்குப் பயிற்சிப் பள்ளியாக்கியது. போர் முடிவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே பயிற்சி பெற்று அதிகாரிகளானார்கள். கட்டடம் ஊருக்குத் திரும்பியபோது கடற்படை வைத்த பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது நீந்துகிற குளம் 1982இல் சேர்த்தது.

இனி கெரி. 2003இல் பிரைட்டன் - ஹோவ் நகராட்சி காரிஸ் என்ற கட்டுமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. பணத்துக்கு நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கி, வடிவமைப்புக்குக் கெரி, அவரோடு லண்டன் கட்டடக்கலைஞர் பியர்ஸ் கஃப். முதலில் காட்டிய வரைவில் நான்கு கோபுரங்கள், உயரம் 38 மாடி வரை. பிரைட்டனிலேயே உயரமான சசெக்ஸ் ஹைட்ஸ் 24 மாடிதான். ஊர் கொதித்தது. குறைத்துக் குறைத்துக் கடைசியில் இரண்டு கோபுரங்கள், சுமார் 750 வீடுகள், அதில் 40 விழுக்காடு சாதாரண வருமானக்காரர்களுக்கு, கீழே புதிய விளையாட்டு வளாகம் என்று வந்து நின்றது. திட்டச் செலவு சுமார் 290 மில்லியன் பவுண்டு. 2007இல் அனுமதி கிடைத்தது. 2008இல் ஐ.என்.ஜி. விலகியது. அந்த வருடமே எல்லாம் முடிந்தது. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

அடுத்த முயற்சி 2016இல். கிரெஸ்ட் நிகல்சன் நிறுவனம், ஐந்நூற்றுச் சொச்சம் வீடுகள், மறுபடியும் கூடவே ஒரு விளையாட்டு வளாகம். 2019இல் அதுவும் போனது.

என் ஆதங்கம் இதுதான். இரண்டு முறையும் குளம் தனக்காகத் திட்டமிடப்படவில்லை. வீடு விற்று வருகிற லாபத்தில் குளம் என்று கணக்குப் போட்டார்கள். வீட்டுச் சந்தை சரிந்ததும் குளமும் சேர்ந்து விழுந்தது. ஊருக்கு அவசியமான ஒன்றை ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வங்கியின் நிலைமையோடு முடிச்சுப் போட்டது சரியா?

மதுரைக்காரன் (லெஸ்டர்)

இதில் ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் பெயரும் அடிபட்டதே? கட்டடக்கலையில் ஆர்வம் என்று அவரும் கெரியோடு வேலை செய்வதாக அப்போது பத்திரிகைகளில் படித்த நினைவு.

கடலோரம் (ஹோவ்)

ஆமாம், அப்போது இங்கே எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். குளத்தில் எத்தனை தடம் இருக்கும், அடுக்குமாடி எழும்புகிற வருடங்களில் பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள் என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

வடலி (ஹரோ)

நான் கெரி பக்கம் நின்று கதைக்கிறேன். ஸ்பெயினின் பில்பாவோ நகரத்துக்கு 1997இல் அவர் கட்டிய குகன்ஹைம் அருங்காட்சியகம் அந்த ஊரின் தலையெழுத்தையே மாற்றியது. பிரித்தானியாவில் அவர் முதலில் கட்டியது டண்டீயில் புற்றுநோயாளர்களுக்கான மேகீஸ் நிலையம், 2003இல் திறந்தது. சின்னக் கட்டடம், ஆனால் அவ்வளவு வடிவு. ஹோவ் திட்டம் நடந்திருந்தால் இங்கிலாந்தில் அவருடைய முதல் பெரிய வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும். காற்றில் பறக்கும் உடையோடு கடற்கரையில் உலாவிய அந்தக் காலத்துப் பெண்களை மனதில் வைத்து அந்தக் கோபுரங்களை வரைந்ததாக அவரே சொன்னார். அதைப் போய்த் தகர டப்பாக்கள் என்று திட்டினார்கள். பேராசைப்பட்டதால் கெட்டுப்போனது என்ற முடிவுக்கு இந்த இழை போய்விடக் கூடாது. சாதாரணப் பெட்டிக் கட்டடமாக வரைந்திருந்தாலும் 2008இல் வங்கி விலகித்தான் இருக்கும்.

எதிர்ப்புக் காட்டியவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 2003இல் தேர்ந்தெடுத்து 2007இல்தான் அனுமதி. அந்த நான்கு வருடத்தில் பாதியாவது மிச்சப்பட்டிருந்தால் சந்தை நன்றாக இருந்த காலத்திலேயே அத்திவாரம் போட்டிருப்பார்கள்.

அளவுகாரர் (க்ராய்டன்)

கட்டுமானச் செலவு கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. கிங் ஆல்பிரெட்டில் நான் வேலை செய்ததில்லை, இந்த மாதிரித் திட்டங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வடலி அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஐ.என்.ஜி. நிலைமையைப் பாருங்கள்: 2008 அக்டோபரில் அந்த வங்கியைக் காப்பாற்ற நெதர்லாந்து அரசு 10 பில்லியன் யூரோ கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி இருக்கிற வங்கி ஹோவ் கடற்கரையில் கோபுரம் கட்டுமா? கட்டடத்தின் அழகு அங்கே பேச்சே இல்லை.

ஆனால் "அத்திவாரம் போட்டிருந்தால் பிழைத்திருக்கும்" என்பதை ஏற்க முடியவில்லை. 2007 தொடக்கத்தில் வேலை ஆரம்பித்து 2008இல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய குளத்தை இடித்திருப்பார்கள். கடற்கரையில் ஒரு பெரிய பள்ளம், சுற்றிலும் தடுப்பு வேலி, நீந்த இடமில்லை. வேறொரு ஊரில் அப்படி நின்ற ஒரு பள்ளத்துக்கு நான் கணக்குப் போட்டிருக்கிறேன். மழைத் தண்ணீரை இறைக்கவும், பக்கத்துச் சாலை சரியாமல் முட்டுக்கொடுக்கவுமே பணம் கரைந்தது. ஹோவுக்கு அந்தக் கதி வரவில்லை.

கடலோரம் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஏன் முடிச்சுப் போடுகிறார்கள்? குளம் சம்பாதிக்காது, அதனால்தான். தண்ணீரை 28 டிகிரியில் வைக்க வேண்டும். மண்டபத்துக் காற்றை அதைவிட ஒரு டிகிரி கூடுதலாக வைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஆவியாகி ஜன்னலிலும் கூரையிலும் வழியும். அந்த ஈரக் காற்றை ராத்திரி பகலாக வெளியேற்றி, வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே விட வேண்டும். வடிகட்டி, பம்பு, குளோரின், உயிர்காப்பாளர் சம்பளம். இவ்வளவையும் நுழைவுச் சீட்டுப் பணத்தில் ஈடுகட்டினால் சாதாரணக் குடும்பம் உள்ளே வர முடியாது. அதனால் நகராட்சி தன்னிடம் இருக்கிற ஒரே சொத்தைப் பார்க்கிறது: நிலம். கடலைப் பார்த்த நிலம். "வீடு கட்டி விற்றுக்கொள், எனக்குக் குளம் கட்டிக் கொடு." காகிதத்தில் ரொம்ப நன்றாக இருக்கும்.

ஈரத்தலை (வர்த்திங்)

நான் வாரம் தவறாமல் நீந்துகிறவள். ஒரு விஷயம் விட்டுப்போகிறது. இங்கிலாந்தில் ஆறாம் வகுப்பை முடிக்கிற பிள்ளை 25 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தேசியப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க மூடிய குளம் வேண்டும், பேருந்தில் போய் வருகிற தூரத்தில் வேண்டும். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். கூழாங்கல் கரை, சட்டென்று ஆழமாகும், குளிர்காலத்தில் உடம்பு விறைக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் பாடம் எடுக்கிற இடமா அது? கடலோர ஊர்க்காரருக்குத்தான் நீச்சல் இன்னும் அவசியம்.

நம் வீட்டுப் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். ஊரில் குளமும் கிணறும் இருந்தும் பலருக்கு நீந்தத் தெரியாது. இங்கே வந்து நாற்பது, ஐம்பது வயதில் கற்றுக்கொண்ட அக்காமார் எனக்கே நிறையப் பேரைத் தெரியும். எல்லாம் நகராட்சிக் குளங்களில்தான். தனியார் ஜிம் குளத்துக்கு மாதாமாதம் கட்டி யார் போவார்கள்?

பந்து (பிரைட்டன்)

இதே ஊரில் கட்டியே தீருவோம் என்று கட்டிய கதை ஒன்று இருக்கிறது. பிரைட்டன் ஆல்பியன் கால்பந்து அணி.

அணியின் கோல்ட்ஸ்டோன் மைதானம் ஹோவில்தான் இருந்தது. அப்போதைய நிர்வாகம் அதை விற்றது, 1997இல் கடைசி ஆட்டம். இப்போது அங்கே கடைகள். இரண்டு பருவம் சொந்த ஊர் ஆட்டத்தை கில்லிங்காமில் போய் ஆடினார்கள். அப்புறம் 1999இலிருந்து 2011 வரை வித்டீன் தடகள மைதானம். மழையில் கூரையில்லாத இருக்கையில் உட்கார்ந்து, ஓடுதளத்துக்கு அப்பால் நடக்கிற ஆட்டத்தைப் பார்ப்போம். ஃபால்மரில் புதிய மைதானத்துக்கு 2005இல் அரசு அனுமதி கொடுத்தது, வழக்கில் அது செல்லாமல் போய், 2007இல் மறுபடி கொடுத்தது. அதற்குப் பிறகுதான் 2008 சரிவு. கிங் ஆல்பிரெட் விழுந்த அதே சரிவு. ஆனால் 2011இல் ஃபால்மரில் அந்த மைதானம் அமெக்ஸ் என்ற பெயரில் திறந்தது.

வித்தியாசம் என்ன? பணம் போட்ட டோனி புளூம் அந்த அணியின் ஆதரவாளர், குடும்பமே அப்படி. அவருக்கு வேண்டியது மைதானம். மைதானம்தான் திட்டமே. சந்தை சரிந்தது என்று அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக அவருக்குக் காரணம் இல்லை. கிங் ஆல்பிரெட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் குளம்தான் வேண்டும் என்று வந்தவர் யார்?

வடலி (ஹரோ)

பந்து, கோடீஸ்வர ரசிகர் எல்லா ஊருக்கும் கிடைக்க மாட்டார். நீச்சல் தடாகத்துக்கு ரசிகர் மன்றம் இல்லை.

ஈரத்தலை (வர்த்திங்)

இருக்கிறது அண்ணா. சால்ட்டீன் லிடோ. பிரைட்டனுக்குக் கிழக்கே, 1938இல் கட்டிய திறந்தவெளிக் குளம், கப்பல் மாதிரி வளைந்த வெள்ளைக் கட்டடம். 2010 வாக்கில் குத்தகைக்காரர் அங்கேயும் அடுக்குமாடி யோசனையைக் கொண்டுவந்தார். ஊர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். பாரம்பரியக் கட்டடமாக அதன் தகுதியை உயர்த்த வைத்தார்கள், தாங்களே ஒரு சமூக நிறுவனம் தொடங்கிக் குத்தகையை வாங்கினார்கள், நிதி திரட்டினார்கள். 2017இல் குளம் திறந்தது, 2024இல் கட்டடமும் திறந்தது. கோடீஸ்வரர் யாரும் இல்லை. பணம் சேரச் சேர ஒவ்வொரு பகுதியாகச் செய்தார்கள், அதனால்தான் இவ்வளவு வருடம்.

அளவுகாரர் (க்ராய்டன்)

சால்ட்டீன்காரர்களுக்குக் கும்பிடு. ஆனால் அது பழைய கட்டடத்தை மீட்ட கதை. கிங் ஆல்பிரெட்டில் அப்படிப் பகுதி பகுதியாக ஒட்டுப்போட்டுக் காலம் தள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்.

உள்ளரங்கக் குளத்தின் எதிரி அதன் காற்று. குளோரினும் நம் வியர்வையும் சேர்ந்து குளோரமின் உண்டாகும். குளத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற வாடை அதுதான். அது ஈரத்தோடு மேலே போய்க் கூரைக்கு மேல் தங்கி உலோகத்தை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுகூடத் தப்பாது. 1985இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சல் குளத்தின் கான்கிரீட் மேற்கூரை இடிந்து 12 பேர் செத்தார்கள். அதைத் தாங்கிய எஃகுக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே விரிசல் விட்டிருந்தன. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் குளக்கூரைகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். ஹோவில் இதோடு வெளியிலிருந்து உப்புக்காற்றும் அடிக்கிறது. ஆகவே "கெரி கட்டாமல் போனது நல்லதுதான், இருப்பதே போதும்" என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதியது கட்டியே ஆக வேண்டும். 2003இலேயே நகராட்சி அதை உணர்ந்திருந்தது என்பதுதான் இதில் வேதனை.

சுண்ணாம்புக்குழி (இப்ஸ்விச்)

எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. சஃபோக்கில் கிரேட் பிளேக்கனம் என்ற ஊர், மூடிப்போன சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக் கல் வெட்டிய பெரும் பள்ளமும். அங்கே "ஸ்னோவேசிஸ்" என்று உள்ளரங்கப் பனிச்சறுக்கு வளாகம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். நானூறு மீட்டருக்கு மேல் நீளமான சரிவு, பனிக்கட்டி அரங்கம், விடுதி, தங்கும் குடில்கள். மான்செஸ்டரில் இருக்கிற சரிவு 180 மீட்டர்தான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விசாரணையெல்லாம் நடந்து 2008இல் அரசு அனுமதி கொடுத்தது. ஹோவ் திட்டம் விழுந்த அதே வருடம். பனிச்சறுக்கு வரவே இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். ஸ்னோவேசிஸ் வராததால் எங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் குறையவில்லை. இல்லாத ஒன்று இல்லாமலே இருந்தது. ஹோவில் இருக்கிற குளமே பணயம் வைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கடலோரம் (ஹோவ்)

சுண்ணாம்புக்குழி சொன்னது ரொம்பச் சரி. "அடுத்த வருடம் புதியது வரப்போகிறது" என்ற பேச்சு இருக்கிறவரை பழையதில் பெரிய செலவு செய்ய எந்த நகராட்சிக்கும் மனம் வராது. இடிக்கப் போகிற கட்டடத்துக்கு யார் புதுக் கூரை போடுவார்கள்? அப்படியே 2003இலிருந்து 2019 வரை ஓடிவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. "குளத்துக்குக் கடன் வாங்க வழியில்லை, அதனால்தான் வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், இதே கடற்கரையில் ஐ360 பார்வைக் கோபுரத்துக்கு நகராட்சி கடன் வாங்கியது. நகராட்சிகளுக்குக் கடன் கொடுக்கிற அரசின் பொதுப்பணிக் கடன் வாரியத்திடம் 36 மில்லியன் பவுண்டு வாங்கி, அதைக் கோபுர நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். 2016இல் கோபுரம் திறந்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. வட்டியும் முதலும் தேங்கி, 2024 கடைசியில் நிறுவனம் நொடித்துப்போனது. ஐம்பது மில்லியனுக்கும் மேலான பாக்கியை நகராட்சி கைகழுவ வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தில் ஒரு நல்ல நகராட்சிக் குளத்தைக் கட்டி முடித்திருக்கலாம்.

அளவுகாரர் (க்ராய்டன்)

நியாயத்துக்காக ஒன்று சொல்கிறேன். ஐ360க்குக் கடன் வாங்கியபோது, "கோபுரம் சம்பாதித்துத் திருப்பித் தரும், வட்டி வித்தியாசத்தில் நகராட்சிக்கும் வருமானம்" என்பதுதான் கணக்கு. குளத்துக்குக் கடன் வாங்கினால் திருப்பிக் கட்டுவது நகராட்சியின் சொந்த வரவுசெலவிலிருந்து. நிதி அதிகாரி முன்னால் இரண்டு கோப்பும் ஒரே மாதிரி இருக்காது.

கடலோரம் (ஹோவ்)

அது எனக்கும் தெரியும் சார். அந்தக் கணக்குமுறையே தவறு என்பதுதான் நான் சொல்வது. சம்பாதிக்கும் என்று நம்பிக் கட்டியது சம்பாதிக்கவில்லை, கடன் ஊர் தலையில் விழுந்தது. சம்பாதிக்காது என்று ஒதுக்கி வைத்தது, எவ்வளவு பழசானாலும், தினமும் ஆள் வந்துகொண்டிருக்கிற இடம். எதற்குத் தேவை இருக்கிறது என்பது வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

மதுரைக்காரன் (லெஸ்டர்)

பிளாக் ராக் பற்றி யாரும் சொல்லவில்லையே? பிரைட்டன் மரீனா பக்கத்தில் பழைய நீச்சல் குளம் 1978இல் மூடியது. அந்த இடத்தில் பனிக்கட்டி அரங்கம் வரும் என்றார்கள், வரவில்லை. பிறகு பெரிய நிகழ்ச்சி அரங்கம் வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை. ஒரே நகராட்சிக்குள் கடற்கரையின் இரண்டு முனையிலும் இப்படி.

பந்து (பிரைட்டன்)

பிளாக் ராக்குக்குத் தனி இழை போடலாம். அங்கே குளத்தை முதலில் மூடினார்கள், அதன்பின் நாற்பது வருடத்துக்கு மேல் வெறும் தரை. ஹோவில் குளம் இன்றும் திறந்திருப்பதற்குக் காரணம், இடிக்கிற கட்டம்வரை எந்தத் திட்டமும் போகாததுதான்.

வடலி (ஹரோ)

சரி, இப்ப என்ன நிலைமை? திரும்பவும் அடுக்குமாடிதானா?

கடலோரம் (ஹோவ்)

இந்த முறை வரிசை மாறியிருக்கிறது அண்ணா. 2024இல் நகராட்சி இரண்டு இடங்களை முன்வைத்து ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டது. ஒன்று இதே கடற்கரை இடம், இன்னொன்று ஊருக்கு வடக்கே பென்ஃபீல்ட் பள்ளத்தாக்கு. கடைசியில் இதே இடம் என்று முடிவானது. விளையாட்டு வளாகத்தை நகராட்சியே கடன் வாங்கிக் கட்டுவது, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியது, அது திறந்த பிறகு பழையதை இடிப்பது, மிச்ச நிலத்தில்தான் வீடுகள். வீடு விற்று வரும் பணம் கடனைக் குறைக்க உதவும். ஆனால் அதற்காகக் குளம் காத்திருக்காது.

கெரியின் கோபுரத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரணக் கட்டடம்தான். வடலி அண்ணாவுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கு இந்த வரிசையே பெரிய விஷயம்.

வடலி (ஹரோ)

வரிசை நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் கடலைப் பார்த்த இடம், ஊர் முழுக்க வந்து போகிற பொதுக் கட்டடம். வடிவாகக் கட்டச் சொல்லிக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். பொதுச் சனத்தின் தடாகம் என்றால் பெட்டி போலத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஈரத்தலை (வர்த்திங்)

நான் கேட்பது வேறு. சிறுபிள்ளைகளுக்குத் தனியாக ஆழம் குறைந்த குளம், உடை மாற்ற குடும்பத்துக்கென்று அறை, பெண்களுக்கு மட்டும் என்று வாரத்தில் ஒரு மாலை, சக்கர நாற்காலியோடு தண்ணீரில் இறங்க ஒரு சரிவுப்பாதை. படிக்கட்டும் ஆளைத் தூக்கி இறக்கும் கருவியும் மட்டும் வைத்தால் வயதானவர்கள் கூச்சப்பட்டே வரமாட்டார்கள். ஹோவில் இருப்பவர்கள் யாராவது இதை எழுதிக் கொடுங்கள்.

கடலோரம் (ஹோவ்)

எழுதுகிறேன் அக்கா. உங்கள் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சரிவுப்பாதையை முதலில் போடுகிறேன். குளத்துத் தொட்டிக்கான கான்கிரீட் வார்த்துவிட்டால் அதற்கப்புறம் சேர்க்கவே முடியாது.